இருநூற்றுப் பன்னிரண்டு வலது கால்

எங்கள் செருப்புக் கடையின் கண்ணாடி அலமாரியில் இருப்பதெல்லாம் வலது கால். இடது கால் எல்லாம் பின்னறையில், அதனதன் பெட்டிக்குள். அப்பா வைத்த முறை அது. ஒரு கூட்ட நாளில் எவனோ புது ஷூவை மாட்டிக்கொண்டு, தன் பழைய செருப்பை அலமாரியில் அழகாக வைத்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறான். அன்றைக்கே, "ஒத்தக் கால எவன்டா திருடுவான்?" என்று அப்பா அலமாரியில் இருந்த எல்லா ஜோடியையும் பிரித்துவிட்டார். மலிவான ரப்பர் செருப்பும் கூடுதல் சரக்கும் மட்டும் ஜோடியாகவே கிடக்கும். வருகிறவர்கள் வலது காலைப் போட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் நாங்கள் உள்ளே ஓடி இடது காலை எடுத்து வருவோம். அண்ணன், நான், தம்பி மூன்று பேரும் பள்ளிக்கூடப் பையைக் கழற்றிப் போட்டதும் செய்த முதல் வேலை இந்த ஓட்டம்தான். இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், இது எதுவுமே தெரியாத மாதிரி இரண்டு பேர் பிற்பாடு என் முன்னால் நின்று குதித்தார்கள்.

அப்பா போய் இருபத்தாறு வருடம். காலையில் கடையைத் திறப்பது நான், பெருக்குவது நான், எந்தப் பெட்டி எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் நான். அண்ணன் கல்லாவில் உட்காருவான். தம்பி சரக்கு எடுக்கப் போகிறேன் என்று வாரத்தில் நாலு நாள் சுற்றுவான். என் கல்யாணப் பேச்சு வருடா வருடம் வரும். "சீசன் முடியட்டும்" என்பான் அண்ணன். அந்தச் சீசன் இன்றுவரை முடியவில்லை. நாற்பத்தேழு வயதில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அடுப்பு கிடையாது. மதியச் சாப்பாடு ஒருநாள் அண்ணன் வீட்டிலிருந்தும் மறுநாள் தம்பி வீட்டிலிருந்தும் கடைக்கு வரும். சம்பளமா? "நம்ம கடைதானே" என்ற பேச்சு மட்டும் மாதம் தவறாமல் கிடைக்கும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஒன்றரை வருடம். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கடைப் பலகையைப் புதிதாக எழுதியபோது யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஆரம்பித்தது. அப்புறம், அவன் சரக்கை ஒளிக்கிறான், இவன் விற்றதை மறைக்கிறான் என்று சந்தேகம் வளர்ந்தது. ஒரே கடைக்குள், நாலடி தூரத்தில் நின்றுகொண்டு, என் மூலமாகத்தான் பேசுவார்கள்.

"ஏழாம் நம்பர் சாண்டல் தீந்துபோச்சுன்னு அவன்கிட்ட சொல்லு."

"நேத்தே சொன்னேன், காதுல விழலையான்னு அவரக் கேளுக்கா."

நடுவில் நான். இந்தக் கண்றாவியை ஒன்றரை வருடம் பார்த்தேன்.

கடைசியில் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பிரிக்க வேண்டுமானால் சரக்கை எண்ண வேண்டும். ஒருவன் எண்ணினால் மற்றவன் நம்பமாட்டான். ஆகவே கம்ப்யூட்டர், பார்கோடு. "மெஷின் பொய் சொல்லாதுக்கா" என்றான் தம்பி, அண்ணன் காதில் விழும்படி. "மெஷின்ல நம்பர் போடறது யாராம்?" என்றான் அண்ணன், தம்பி காதில் விழும்படி. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றரை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

"நீ எண்ணி முடி. அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்கு. உனக்கும் ஒரு வழி பண்ணாமலா விட்டுடுவோம்?" என்றான் அண்ணன்.

நம்பினேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த தெருத் தையல்கார அக்கா தன் கடையின் முன்பாதியை வாடகைக்குத் தருவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒரு பங்கு வேண்டாம், பத்தில் ஒன்று கொடுக்கட்டும், அங்கே ஒரு அலமாரி போட்டு உட்கார்ந்துவிடுவேன், ஒரு அடுப்பு வாங்குவேன், என் சாப்பாட்டை நானே சமைத்துச் சாப்பிடுவேன். என் ஆசை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அங்குலம் இல்லை.

கம்ப்யூட்டர்காரர் வந்தார். ஸ்டிக்கர் அடிக்கும் சின்னப் பெட்டி ஒன்று, துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் ஆணா, பெண்ணா, பிள்ளைகளா என்று சொல்லும். அடுத்த மூன்று மாடல், பிறகு இரண்டு நிறம், இரண்டு அளவு. கடைசி ஒற்றை இலக்கம் இடம்: முன்கடை என்றால் ஒன்று, பின்னறை என்றால் இரண்டு. 

மூன்று மாதம். வருகிறவர்களுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டே, நடுநடுவே பெட்டி பெட்டியாக இறக்கித் தூசி தட்டி, எண் கொடுத்து, ஸ்டிக்கர் ஒட்டினேன். விரலில் பசை ஏறி, சாப்பிடும்போது சோறோடு ஒட்டும். படுத்தால் காதுக்குள் 'பீப்' 'பீப்' என்று கேட்கும். நிறத்தில்தான் முதல் சண்டை.

"இத்தன பிரவுன் எதுக்கு மேடம்? ஒரே நம்பரா போட்டுடுங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"டீ கலர் கேட்டு வர்றவங்களுக்குச் செங்கல் கலர எடுத்துக் குடுத்தா மூஞ்சில எறிவாங்க. அடி வாங்க நீங்க வர்றீங்களா?"

அதற்குப் பிறகு அவர் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது சிக்கல் அலமாரி. வலது கால் முன்கடையில், இடது கால் பின்னறையில். இந்த ஜோடிக்கு இடம் ஒன்றா, இரண்டா? அவரைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு ஐட்டம் ஒரு இடத்துலதான் இருக்க முடியும் மேடம்."

"அப்ப முன்னால அரை, பின்னால அரைன்னு போடுங்க."

"அரை எல்லாம் எடுக்காது. முழு எண்ணுதான். இப்போதைக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு தனித்தனியா ஏத்திடுங்க. அப்புறமா சேத்துக்கலாம்."

அண்ணனிடம் கேட்டேன். "ஏதோ ஒண்ணு பண்ணு, சும்மா நச்சரிக்காத" என்றான். தம்பியிடம் கேட்டேன். "அவர்கிட்ட கேட்டியா? கேட்டுட்டல்ல? அப்புறம் எதுக்கு என்கிட்ட வர்ற?" என்றான். சரி, உங்கள் தலையெழுத்து என்று இருநூற்றுப் பன்னிரண்டு வலது காலின் அடியிலும் ஆளுக்கொன்றாக ஒரு ஸ்டிக்கர், இருநூற்றுப் பன்னிரண்டு இடது கால் பெட்டியின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். அப்புறமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதானே சொன்னார்கள்.

பட்டியல் நாற்பது பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. முன்கடைச் சரக்கு இவ்வளவு, பின்னறைச் சரக்கு இவ்வளவு. என்ன அதிசயமோ, இரண்டும் ஏறக்குறைய சமம். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்த இரண்டு வரியை மட்டும் படித்தான். தம்பியும் அதையேதான் படித்தான். மற்ற முப்பத்தொன்பது பக்கத்தை ஒருத்தனும் புரட்டவில்லை.

"கடையும் முன்னால இருக்கறதும் எனக்கு. பின்னறைல இருக்கற அத்தனையும் அவன் எடுத்துட்டுப் போகட்டும்" என்றான் அண்ணன். தம்பி முன்பே இரண்டு தெரு தள்ளி ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான். "சரின்னு சொல்லுக்கா" என்றான். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. அண்ணன் முகத்திலும் அதே சிரிப்பு. அலமாரியில் பளபளக்கிறதெல்லாம் நமக்கே என்று இவனுக்கு நினைப்பு. பெட்டியெல்லாம் நமக்கே என்று அவனுக்கு நினைப்பு. ஒவ்வொருவனும் மற்றவனுக்குக் காதில் பூ சுற்றிவிட்டதாக நினைத்தான்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்கள். எனக்குத் தெரியும், அந்த நிமிடத்தில் நான் வாயைத் திறந்து, "இருங்கடா, அலமாரில இருக்கறது ஒத்தக் காலு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டேன்.

"என் பங்கு எதுல இருக்கு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலி பேசினால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"உனக்கு என்ன குறைச்சல்? ரெண்டு வீட்லயும் சாப்பாடு இருக்கு, மேல ரூம் இருக்கு" என்றான் அண்ணன்.

"உனக்கென்னக்கா, புருஷனா பிள்ளையா, யாருக்குச் சேத்து வைக்கப் போற?" என்றான் தம்பி. 

அட பாவிகளா. கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டவர்களும் நீங்கள், புருஷன் எங்கே என்று கேட்கிறவர்களும் நீங்களா? செருப்பால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. அதுவும் நான் எண் போட்ட செருப்பால். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினேன். போடுங்கள் கையெழுத்து, நன்றாகப் போடுங்கள் என்று பேனாவை நானே எடுத்து நீட்டினேன். போட்டார்கள்.

மூன்றாம் நாள். ஒரு பெரிய மனிதர் வந்தார். பளபளவென்ற கறுப்பு ஷூ ஒன்றை எடுத்து வலது காலில் மாட்டி, கண்ணாடியில் பார்த்து, நாலு எட்டு நடந்து, "நல்லாருக்கு, இன்னொண்ணு எடுங்க" என்றார். அண்ணன் நாற்பது வருடப் பழக்கத்தில் எழுந்து பின்னறைக்குப் போனான். அங்கே என்ன இருக்கிறது? நாலு சுவரும் ஒரு துடைப்பமும்தான். போனவன் திரும்பி வரவேயில்லை. அந்த மனிதர் ஒரு காலில் புது ஷூவும் மறு காலில் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, உள்ள போனவரு தூங்கிட்டாரா?"

அதே நேரம் போன் அடித்தது. தம்பி.

"அக்கா! பெட்டில ஒத்தக் காலுதான் இருக்கு. நாலு பெட்டி திறந்துட்டேன், எல்லாத்துலயும் இடது காலு!"

"ஆமா, இடது காலுதான் இருக்கும்."

"இன்னொண்ணு எங்க?"

"இங்க ஒருத்தர் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்" என்றேன்.

சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இருபத்தாறு வருடத்தில் அந்தக் கடையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை. "நீ வேணும்னே பண்ணியிருக்க" என்று அண்ணன் கத்தினான். "நீ அவர்கூடச் சேந்துக்கிட்ட" என்று தம்பி கத்தினான். கேட்டேனே, இரண்டு பேரிடமும் கேட்டேனே என்று நானும் கத்தினேன். கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் திரையைப் பார்த்து, "சிஸ்டம் படி ரெண்டும் வேற வேற ஐட்டம் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"நூத்தி ஆறு ஜோடி நீ எடு, நூத்தி ஆறு அவன் எடுக்கட்டும். முடிஞ்சுபோச்சு" என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். "முதல்ல அவன் இடது கால அனுப்பட்டும்" என்றான் அண்ணன். "முதல்ல அவர் வலது கால அனுப்பட்டும்" என்றான் தம்பி. விடாக்கண்டனும் கொடாக்கண்டனும். ஒன்றரை மாதம் ஓடியது. அலமாரியில் வலது காலின் மேல் தூசி படிந்தது. நான்தான் தினமும் துடைத்தேன். விற்கவே முடியாத செருப்பைத் தினமும் துடைக்கிற கைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் துடைத்துக்கொண்டே இருக்கும்போது அது தோன்றியது. அவனுக்கும் உதவாது, இவனுக்கும் உதவாது. எனக்கு உதவுமே! இரண்டையும் என்னிடம் கொடுத்தால் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி. தையல்கார அக்கா கடையின் முன்பாதிக்கு அது தாராளம்.

முதலில் தம்பியிடம் போனேன். "எனக்கு வேற எதுவும் வேணாம்டா. இதுதான் என் பங்குன்னு குடுத்துடு." "அவருக்குக் கிடைக்கக் கூடாது, சரியா? அப்படின்னா எடுத்துக்க" என்றான். மறுநாளே பெட்டிகள் என் மாடி அறைக்கு வந்துவிட்டன. கட்டிலுக்குக் கீழே, ஜன்னலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால் எல்லாம் இடது கால். 

அண்ணனிடம் கேட்டேன். "அவன் குடுத்துட்டானா?" என்றான். குடுத்துட்டான் என்றேன். ரொம்ப நேரம் கல்லா மேஜையை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "சரி, லீவு நாள்ல எடுத்து அனுப்பறேன். கடைச் சாவியக் குடு" என்றான். அவன் தானாக ஒரு வேலை செய்கிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நெகிழ்ந்துபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்று அண்ணியிடம் போய்ச் சொன்னேன். தையல்கார அக்காவிடம் ஓடிப்போய் முன்பணம் கொடுத்தேன், என் காதில் கிடந்ததை விற்று.

வார விடுமுறை அன்று காலையிலிருந்து மாலைவரை அண்ணன் கடையிலேயே இருந்தான். மாலையில் சரக்கு வண்டியில் ஆறு மூட்டை வந்தது. அவனே மாடிவரை தூக்கி வந்து வைத்தான். சட்டையெல்லாம் வேர்வை. சாவியை என் கையில் கொடுத்து, "நாளைக்குப் புதுச் சரக்கு வருது. ஸ்டிக்கர் ஒட்டணும், காலைல சீக்கிரம் திறந்துடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பட்டியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதல் மூட்டையைப் பிரித்து, மேலே இருந்த வலது காலை எடுத்து அடியைப் பார்த்தேன். என் ஸ்டிக்கர், என் எண். அதே எண்ணில் கடைசி இலக்கம் இரண்டு என்று இருக்கிற பெட்டியைத் தேடி எடுத்து, இடது காலைப் பக்கத்தில் வைத்தேன். ஜோடி! செங்கல் கலர், ஏழாம் நம்பர். ஆசையாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன்.

வார் அறுந்திருந்தது.

அறுந்ததல்ல, அறுத்தது. அட்டைப்பெட்டி பிரிக்கிற கத்தியால் நேராக, சுத்தமாக ஒரு வெட்டு. அடுத்ததை எடுத்தேன். அதுவும். அடுத்தது ஷூ, மேல்தோல் விரல் நுனியிலிருந்து நாடாவரை கிழிந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் சின்னச் செருப்பு, என் உள்ளங்கை அளவு இருக்கும், அதையும் விடவில்லை. ஆறு மூட்டையையும் தரையில் கொட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

கீழே போனேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு அறுத்த?"

அவன் நிமிரவில்லை. "ஜோடி சேத்து அவன்கிட்ட குடுத்துட மாட்டன்னு என்ன நிச்சயம்? நீ எப்பவும் அவன் பக்கம்தானே."

"நான் விக்கறதுக்குக் கேட்டேன். எனக்குன்னு கேட்டேன்."

"நீயாவது, விக்கறதாவது! ரெண்டு மாசத்துல முடியாம அவன் கடைக்குத்தான் போயிருக்கும். நான் என்ன கேணையனா?" என்றான். பிறகு, பெரிய சாதனை மாதிரி, "ஒவ்வொண்ணையும் ஸ்கேன் பண்ணி, 'சேதம்'னு ஏத்திட்டேன். நானே பண்ணேன், யார் உதவியும் இல்லாம" என்றான்.

மூன்று மாதம் நான் தலைகீழாக நின்று சொல்லிக் கொடுத்தும் அந்த மெஷினைத் தொடாதவன். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, 'பீப்' அடித்து, அறுத்து, அடுத்ததை எடுத்திருக்கிறான். என்னை நம்பி ஒரு பெட்டிச் செருப்பைக் கொடுப்பதைவிட அவனுக்கு அது சுலபமாக இருந்திருக்கிறது. அண்ணி தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நான் மாடிக்கு வந்துவிட்டேன். அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றாக அழுதேன்.

விடிந்ததும் சரக்கு வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். வலது கால் எல்லாவற்றையும் மறுபடி ஆறு மூட்டையாகக் கட்டினேன். கடைச் சாவியை ஒரு ஷூவின் உள்ளட்டைக்கு அடியில் செருகி, அந்த ஷூவை மூட்டையோடு மூட்டையாகப் போட்டுக் கலந்து இறுக்கினேன். "கடை வாசல்ல இறக்கி வச்சுட்டு வந்துடுங்க" என்றேன். 

பத்து மணிக்கு போன் அடித்தது. பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"கடை ஏன் திறக்கல? புதுச் சரக்கு வந்து நிக்குது! வாசல்ல என்ன இது மூட்டை? சாவி எங்க?"

"மூட்டைலதான் இருக்கு."

"எந்த மூட்டைல?"

"தெரியலண்ணா. ஏதோ ஒரு வலது கால்ல இருக்கு. சிஸ்டம்ல பாரு."

அவன் கத்த ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், ஒரு கீறல்கூட இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு இடது கால். அவற்றின் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. வெயில் ஏறி, பசி எடுக்கத் தொடங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. இன்றைக்குச் சாப்பாடு அண்ணன் வீட்டு முறை.